கொடுவா மீனின் பருவக் கணக்கு

வாக்களிக்கும் உரிமை நமக்குப் பதினெட்டு வயதில் கிடைக்கிறது. பிறந்த தேதியைக் காட்டினால் போதும். உயரமும் எடையும் அங்கே கேள்வி இல்லை. மீன்களின் உலகில் இத்தகைய தேதிக் கணக்கு செல்லுபடியாவதில்லை. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று ஓராண்டில் பருவமடையலாம்; மற்றொன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பருவமடையலாம். வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அவை உண்ட உணவு, வாழ்ந்த நீரின் வெப்பம், பட்ட ஒளி, நீரில் கரைந்திருந்த உப்பு ஆகியவற்றிலிருந்து வருகிறது. எவ்வாறு வருகிறது என்பதை நம் கடற்கரையின் மீன் ஒன்றை வைத்தே ஆராய்வோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்குச் சற்று முன்னால் முட்டுக்காடு வருகிறது. அங்கே சாலைப் பாலத்தின் இருபுறமும் உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. படகுச் சவாரிக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதே உப்பங்கழியின் கரையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. இந்த நிறுவனம் 1987-இல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ‘சிபா’ என்று அழைக்கப்படுகிறது. நம் கட்டுரையின் கதாநாயகனான கொடுவா மீன் இங்கே பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது.

முதலில் ஆண், பிறகு பெண்

கொடுவாவின் அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். பாரசீக வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியா வரையுள்ள வெப்பக் கடற்கரைகளில் இது வாழ்கிறது. ஆஸ்திரேலியர்கள் இதனைப் ‘பாரமுண்டி’ என்பர். முட்டையிடுவது உப்பு மிகுந்த கடல்நீரில், அதாவது கழிமுகங்களின் வாயிலிலும் கரையோரக் கடலிலும். குஞ்சுகள் அலையேற்றத்தோடு உப்பங்கழிகளுக்குள் நுழைகின்றன. அங்கே இறாலும் சிறு மீன்களும் ஏராளம். சில கொடுவாக்கள் ஆற்றின் நன்னீர்ப் பகுதி வரைக்கும் சென்று வளர்கின்றன. வளர்ந்தபின் முட்டையிடுவதற்காக மீண்டும் கடலை நாடுகின்றன.

இம்மீனின் வியப்புக்குரிய பண்பு வேறொன்று. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே பருவமடைகின்றன. இயற்கையில் பொதுவாக மூன்று, நான்கு வயதில் ஆண்மை முதிர்ச்சி வருகிறது. அதன்பின் சில பருவங்கள் ஆணாக வாழ்ந்து, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதுக்குள் பெண்ணாக மாறிவிடுகின்றன. எடையை வைத்துச் சொன்னால், இரண்டு கிலோவுக்கும் நான்கு கிலோவுக்கும் இடையில் பெரும்பாலும் இந்த மாற்றம் நிகழ்கிறது. விந்தகமாக இருந்த உறுப்பே படிப்படியாகச் சினைப்பையாகிறது. ஆகவே மீன்சந்தையில் ஒன்றரைக் கிலோ கொடுவா கிடந்தால் அது அநேகமாக ஆண்; ஏழு கிலோ கொடுவா கிடந்தால் அது அநேகமாகப் பெண்.

எனவே கொடுவாவின் வாழ்வில் இரண்டு கேள்விகளுக்கு விடை காணப்பட வேண்டும். எப்போது ஆணாகப் பருவமடைவது? எப்போது பெண்ணாக மாறுவது? இந்த இரண்டிலும் சுற்றுப்புறத்துக்குப் பங்கு உண்டு.

வடகடலின் சால்மன்

சுற்றுப்புறம் மீனின் பருவத்தை எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதற்கு உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு அட்லாண்டிக் சால்மன். (நம் சந்தையில் ‘இந்திய சால்மன்’ என்று விற்கப்படும் காலா வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதுவும் கொடுவாவைப் போலவே முதலில் ஆணாக இருந்து பின்பு பெண்ணாகும் மீன் என்பது சுவையான செய்தி.)

சால்மனின் பயணம் கொடுவாவுக்கு நேர் எதிரானது. அது நார்வே, ஸ்காட்லாந்து போன்ற நாடுகளின் குளிர்ந்த ஆறுகளில் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. குஞ்சுகள் சில ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. ஓராண்டோ பல ஆண்டுகளோ கடலில் தின்று கொழுத்து, பெரிய மீன்களாகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகின்றன.

ஆனால் ஆண் குஞ்சுகளில் ஒரு பகுதி கடலைப் பார்க்காமலே ஆற்றில் பருவமடைந்துவிடுகின்றன. உள்ளங்கை நீளமே உள்ள, பத்துப் பதினைந்து செ.மீ. அளவிலான இந்தச் சிறுவர்கள், கடலிலிருந்து திரும்பிய பெரிய பெண் மீன் முட்டையிடும் நேரத்தில் ஓரத்திலிருந்து ஓடிவந்து தம் விந்தைக் கலந்துவிடுகின்றன. ஒரு மீட்டர் நீளமுள்ள ஆண் மீன் காவல் நின்றாலும் இவற்றை முழுவதும் தடுக்க முடிவதில்லை. பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பங்குக்கு இந்தக் குட்டித் தந்தைகளே தந்தை.

பெண் சால்மன்கள் இவ்வாறு ஆற்றிலேயே பருவமடைவது மிக அரிது. இதன் காரணம் எளிய வரவு செலவுக் கணக்கு. விந்தணு நுண்ணியது, சிறிய உடலாலும் கோடிக்கணக்கில் ஆக்க முடியும். முட்டைக்குள் குஞ்சுக்கான உணவைக் கட்டி வைக்க வேண்டும். வயிற்றில் இடமும் வேண்டும். எனவே உடல் சிறிதாக இருக்கும்போது ஆணாக இருப்பது இலாபம். பெரிதானபின் பெண்ணாக இருப்பது இலாபம். சால்மனில் இந்தக் கணக்கு ஆண்களை முந்த வைக்கிறது. கொடுவா இதே கணக்கை ஒரே உடலில் முடித்துவிடுகிறது: சிறு வயதில் ஆண், பெருத்தபின் பெண். பெரிய பெண் கொடுவா ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும். மிகப் பெரியவை கோடிக்கணக்கில் இடும்.

ஏரியும் கலங்கலும்

இனி, ‘இப்போது பருவமடையலாம்’ என்று உடல் எவ்வாறு முடிவு செய்கிறது என்று பார்ப்போம். ஏரிகளுக்குப் பெயர்பெற்ற செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே ஓர் உவமை எடுத்துக்கொள்ளலாம்.

மழை பெய்யப் பெய்ய ஏரியில் நீர் உயர்கிறது. கலங்கலின் மட்டத்தைத் தொடும்வரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அந்த மட்டத்தைத் தாண்டியவுடன் நீர் வழிந்தோடுகிறது. ஏரி என்று வழியும் என்பது இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு நீர் வந்தது, கலங்கல் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டுள்ளது. இயற்பியலில் இத்தகைய எல்லையைத் ‘தொடக்க வரம்பு’ என்கிறோம்.

மீனின் உடலில் ஏறும் ‘நீர்’ என்பது உடல் வளர்ச்சியும் சேமித்த கொழுப்பும் ஆகும். ‘கலங்கலின் உயரத்தை’ மரபணுக்கள் வகுக்கின்றன. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, அட்லாண்டிக் சால்மனின் முதிர்ச்சி வயதில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 39 விழுக்காட்டுக்கு ஒரே ஒரு மரபணுப் பகுதி காரணம் என்று காட்டியது. அங்குள்ள முக்கியமான மரபணுவின் பெயர் விஜிஎல்எல்-3. ஒரு பண்புக்கு ஒரே இடத்தில் இவ்வளவு பங்கு இருப்பது அபூர்வம். அப்படியும் எஞ்சிய வேறுபாடு பெரிது. பிற மரபணுக்களும் சுற்றுப்புறமும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன.

சுற்றுப்புறம் அனுப்பும் செய்திகளை நான்காகப் பிரித்துக் காண்போம்.

முதற்செய்தி: உணவு

ஸ்காட்லாந்தில் ஜான் தார்ப்பும் அவருடைய உடனாய்வாளர்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சால்மன் குஞ்சுகளை ஆராய்ந்தனர். வசந்த காலத்தில் சில தொட்டிகளில் உணவைக் குறைத்தனர். அத்தொட்டிகளில் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பருவமடைந்த ஆண் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. வசந்தத்தில் உடலுக்குள் போதிய கொழுப்புச் சேர்ந்திருந்தவையே பருவமடைந்தன. அதாவது, முட்டையிடும் காலம் இலையுதிர் காலமானாலும், கணக்குப் பார்க்கும் நேரம் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது.

உணவு மிகுந்தால் எல்லா மீன்களும் முந்தும், குறைந்தால் எல்லாம் பிந்தும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஏரிகளிலும் குட்டைகளிலும் மலிந்துள்ள ஜிலேபி கெண்டையைப் பாருங்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நெரிசலான குளத்தில் இது இரண்டு மூன்று மாதங்களிலேயே, விரல் நீளத்தில், பருவமடைந்து இனம் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. குளம் முழுவதும் குட்டை மீன்களாக நிறைந்து, வளர்த்தவருக்கு விற்பனைக்கு உதவாமல் போகிறது. அதே இனம் பரந்த நீர்நிலையில் நன்கு பெரிதாக வளர்ந்தபின்பே பருவமடைகிறது. இங்கே நெருக்கடி கலங்கலின் உயரத்தையே தாழ்த்திவிட்டது. வற்றப்போகும் குட்டையில் ‘பெரிதாகட்டும்’ என்று காத்திருந்தால் சந்ததியே இல்லாமல் போகும் அன்றோ?

இரண்டாம் செய்தி: வெப்பம்

மீன் தன் உடல் வெப்பத்தை நம்மைப் போல் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. நீரின் வெப்பமே ஏறத்தாழ அதன் வெப்பம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உடலின் வேதிவினைகள் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு விரைவாகின்றன, தாங்கும் எல்லைக்குள் இருக்கும் வரை. சால்மன் முட்டையை 5 டிகிரியில் வைத்தால் பொரிக்க ஏறத்தாழ 100 நாள். 10 டிகிரியில் வைத்தால் ஏறத்தாழ 50 நாள். வெப்பத்தையும் நாளையும் பெருக்கினால் இரண்டிலும் 500 வருகிறது. மீன் வளர்ப்போர் இதனை ‘டிகிரி-நாள்’ என்று கணக்கிடுகின்றனர்.

முட்டைக்குப் பொருந்தும் விரைவு, வளர்ச்சிக்கும் முதிர்ச்சிக்கும் பெருமளவு பொருந்தும். நார்வேயின் வளர்ப்புத் தொட்டிகளில் இளம் சால்மன்களை 16 டிகிரி நீரில், இருபத்துநான்கு மணி நேரமும் ஒளியில் வைத்தபோது, ஆண்களில் பல உரிய காலத்துக்கு வெகு முன்னரே பருவமடைந்தன. குளிர்ந்த நீரில் இவ்வாறு நேரவில்லை. பண்ணையாளருக்கு இது நட்டம். பருவமடைந்த மீன் தின்றதைத் தசையாக்காமல் விந்தாக்குகிறது, வளர்ச்சி தடைப்படுகிறது, தசையின் தரமும் குறைகிறது. எனவே முந்திய முதிர்ச்சியைத் தடுப்பது அங்கே பெரிய ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்துள்ளது.

மூன்றாம் செய்தி: பகலின் நீளம்

இங்கே இயற்பியல் ஆசிரியனுக்கு வேலை வருகிறது. கோடையில் பகல் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும் என்பதை அறிவீர்கள். எவ்வளவு நீளும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். இடத்தின் அட்சரேகைக் கோணத்தின் டேன்ஜென்டையும், சூரியனின் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டையும் பெருக்குங்கள். அந்தப் பெருக்கற்பலனை எந்தக் கோணத்தின் சைன் தருகிறதோ அக்கோணத்தை இரட்டித்து 15-ஆல் வகுங்கள். வருவது, பகல் 12 மணியைவிட எத்தனை மணி கூடுதல் என்பது.

முட்டுக்காட்டின் அட்சரேகை ஏறத்தாழ 12.8 டிகிரி வடக்கு. ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியனின் சாய்வு 23.44 டிகிரி. டேன்ஜென்ட்கள் 0.2272, 0.4336. பெருக்கினால் 0.0985. கோணம் 5.65 டிகிரி. இரட்டித்து 15-ஆல் வகுத்தால் 0.75 மணி, அதாவது 45 நிமிடம். மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிடம்; மிகக் குறுகிய பகல் 11 மணி 15 நிமிடம். ஆண்டு முழுவதிலும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. (காற்று மண்டலம் ஒளியை வளைப்பதாலும் சூரியத் தட்டின் அகலத்தாலும் சில நிமிடங்கள் கூடும்.)

இதே கணக்கை நார்வேயின் பெர்கன் நகருக்கு, 60.4 டிகிரி வடக்குக்கு, போட்டால் நீண்ட பகல் 18 மணி 38 நிமிடமும் குறுகிய பகல் 5 மணி 22 நிமிடமும் வருகின்றன. வேறுபாடு 13 மணிக்கு மேல்! அங்குள்ள சால்மனுக்குப் பகலின் நீளம் தவறாத நாட்காட்டி. மீனின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இருளில் மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பு நெடுநேரம் தொடர்கிறது. இதன்வழி உடல் பருவகாலத்தை உணர்கிறது. பண்ணைகளில் இரவிலும் விளக்கெரித்து இந்த நாட்காட்டியைக் குழப்பி, முதிர்ச்சியின் நேரத்தை மாற்றுகின்றனர்.

நம் கடற்கரையில் ஒன்றரை மணி வேறுபாடு வலுவான நாட்காட்டி ஆகாது. கடல்நீரின் வெப்பமும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் நம் மீன் எதைப் பார்த்துப் பருவம் அறிகிறது? இங்கே நான்காம் செய்தி முன்னுக்கு வருகிறது.

நான்காம் செய்தி: மழையும் உப்பும் நிலவும்

செங்கல்பட்டுக் கடற்கரையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. அப்போது முட்டுக்காட்டு உப்பங்கழியிலும், தெற்கே வாயலூர் அருகே பாலாற்றின் கழிமுகத்திலும் நன்னீர் பெருகி உப்பு மளமளவென்று இறங்குகிறது. வறண்ட மாதங்களில் அலைகள் மணலைக் குவித்துக் கழிமுகத்தை அடைத்துவிடுவதும் உண்டு. நீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. வடநாட்டு மீனுக்குப் பகல் ஏறி இறங்குவது போல, நம் உப்பங்கழி மீனுக்கு உப்பு ஏறி இறங்குகிறது.

கொடுவா நன்னீரிலும் வளரும். ஆனால் நன்னீரில் அதன் இனம் பெருகுவதில்லை. இதற்கு ஒரு நேரடியான இயற்பியல் காரணம் உண்டு. கொடுவாவின் முட்டை 0.8 மி.மீ. அளவுள்ள, எண்ணெய்த் துளி கொண்ட, மிதக்கும் முட்டை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம். அந்தச் சிறு வேறுபாடே முட்டையைத் தாங்குகிறது. உப்புக் குறைந்த நீரில் முட்டை அடியில் சென்று சேற்றில் படிந்துவிடும்.

நிலவும் இந்தக் கணக்கில் உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அலையேற்றம் வலுவாக இருக்கும். கொடுவா அந்நாட்களில், பொழுது சாய்ந்தபின், நீர் ஏறும் நேரத்தில் முட்டையிடும் இயல்புடையது. ஏறும் நீர் முட்டைகளையும் குஞ்சுகளையும் உப்பங்கழியை நோக்கி எடுத்துச் செல்கிறது.

செய்தி செல்லும் வழி

இச்செய்திகள் எல்லாம் மூளையில் ஒன்றுசேர்கின்றன. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் ஓர் இயக்குநீரை, அதாவது ஹார்மோனை, வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி வேறு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை விந்தகத்தையோ சினைப்பையையோ முதிரச் செய்கின்றன. முதிரும் உறுப்பு சுரக்கும் பால் ஹார்மோன்கள் மீண்டும் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. தொடர் வண்டியில் ஒரு பெட்டி அடுத்ததை இழுப்பது போன்ற இந்தத் தொடரில் எந்த இணைப்பு அறுந்தாலும் முதிர்ச்சி நின்றுவிடும்.

தொட்டியில் வளரும் மீனுக்கு இதுதான் நேர்கிறது. நல்ல உணவு கிடைக்கிறது. சினையும் ஓரளவு வளர்கிறது. ஆனால் அலை இல்லை, மழை இல்லை, புது நீர் இல்லை. கடைசிச் செய்தி வராமையால் முட்டை வெளிவருவதில்லை. சிபா அறிஞர்கள் இந்த இணைப்பைச் செயற்கையாகத் தொடுத்தனர். 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவாவை அடைப்பில் வைத்தே இனம் பெருக்கி, குஞ்சுகளை உண்டாக்கும் தொழில்நுட்பத்தில் வெற்றி பெற்றனர்.

அவர்களின் முறை இது. பெரிய தொட்டிகளில் கடல்நீரை நாள்தோறும் மாற்றித் தாய்மீன்களையும் தந்தைமீன்களையும் வளர்க்கின்றனர். மெல்லிய குழாயைச் செலுத்திச் சினையின் மாதிரியை எடுத்து நுண்ணோக்கியில் அளக்கின்றனர். முட்டையின் விட்டம் 0.45 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெண் தயார். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால்போன்ற விந்து வரும் ஆண் தயார். பிறகு, மூளை அனுப்பும் ஹார்மோனைப் போன்றே செய்யப்பட்ட மருந்தை ஊசியால் செலுத்துகின்றனர். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்ற கணக்கில் தொட்டியில் விடுகின்றனர். 30 முதல் 36 மணி நேரத்தில் முட்டையிடுகிறது. 28 டிகிரியை ஒட்டிய நீரில் 17, 18 மணி நேரத்தில் குஞ்சு வெளிவருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். முட்டை உரிய அளவை எட்டாதிருந்தால் ஊசி பயன் தராது. ஏரி நிறையாமல் கலங்கலில் நீரை எதிர்பார்க்க முடியாதல்லவா? உணவு, வெப்பம், நீரின் தூய்மை ஆகியவற்றால் பல மாதங்கள் நிரப்பிய பிறகே கடைசித் தூண்டல் வேலை செய்கிறது. இதே நிலையத்தில் 2015-இல் பால்மீனையும் அடைப்பில் இனம் பெருக்க முடிந்தது.

பாலையே மாற்றும் சுற்றுப்புறம்

முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது. சதுப்புநில முதலையின் முட்டைகளை வைத்து அங்கு நடந்த ஆய்வு 1989-இல் வெளியாயிற்று. முட்டைகளை 28 முதல் 31 டிகிரி வரையுள்ள நிலையான வெப்பத்தில் வைத்தால் குஞ்சுகள் யாவும் பெண், 32.5 டிகிரியில் வைத்தால் ஆண். முதலைக்கு இந்தத் தீர்ப்பு முட்டைக்குள் ஒரே ஒரு முறை எழுதப்படுகிறது. கொடுவாவுக்கோ வாழ்நாளின் நடுவில் மீண்டும் ஒரு முறை எழுதப்படுகிறது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதிக்கு இம்மாற்றத்தில் முக்கியமான இடம் உண்டு.

எல்லா இடத்துக் கொடுவாவும் ஒரே வயதில் இவற்றைச் செய்வதில்லை என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிஸ் 1984-இல் காட்டினார். கார்ப்பென்டேரியா வளைகுடாவின் வடகிழக்குப் பகுதியில் வாழும் கொடுவாக்கள், பிற இடங்களில் வாழ்பவற்றைவிடச் சிறிய உடலிலேயே, மிக இளம் வயதில் ஆணாகப் பருவமடைந்திருந்தன. பெண்ணாக மாறுவதும் முன்னதாகவே நிகழ்ந்தது. நார்வே ஆற்றின் குட்டித் தந்தைகளுக்கு வெப்பநாட்டுக் கடலில் ஓர் இணை!

நமக்கு இதில் என்ன?

கரையோர மீனவர்களுக்குக் கொடுவா நல்ல விலை தரும் மீன். பெரிய மீனுக்கு இன்னும் நல்ல விலை. ஆனால் பெரியவை பெரும்பாலும் பெண்கள் என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். மூன்று வயதில் 1,000 ஆண் மீன்கள் உள்ளன. ஏழு வயதில் அவை பெண்ணாகும் என்று கொள்வோம். ஆண்டுக்குப் பாதி மீன்கள் தப்பினால், நான்கு ஆண்டுகளில் 500, 250, 125, 62 என்று குறைந்து, 62 பெண்கள் கிடைக்கும். மீன்பிடிப்புக் கூடி மூன்றில் ஒரு பங்கே தப்பினால் 333, 111, 37, 12. பன்னிரண்டு பெண்களே மிஞ்சும்! இளம் மீன்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு முதல் சில ஆண்டுகளில் குறை எதுவும் தெரியாது. தெரியும்போது முட்டையிட ஆளிருக்காது.

மற்றொரு ஆபத்தும் உண்டு. பெரிய மீன்களை இடைவிடாமல் பிடித்தால், சிறு வயதிலேயே பருவமடையும் மரபுடையவையே சந்ததி விட்டுச் செல்கின்றன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் வளம் சரிந்து, 1992-இல் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. சரிவுக்கு முந்தைய ஆண்டுகளில் அம்மீன்கள் முன்பைவிட இளம் வயதில், சிறிய அளவில் முதிர்ந்து வந்தன என்பது பின்னர் ஆவணங்களிலிருந்து கண்டறியப்பட்டது. பருவ வயது முந்துவது, கடல் அனுப்பும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. மீன்கள் இனம் பெருக்க இடைவெளி தருவதே இதன் நோக்கம். ஆனால் கொடுவாவுக்கு நாள் மட்டும் போதாது, வழியும் வேண்டும். கழிமுகம் மணலால் அடைபட்டுக் கிடந்தால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. வளர்ந்தவை வெளியே போக முடியாது. உப்பங்கழியில் கழிவுநீர் சேர்ந்தால் உணவுச் செய்தி பொய்க்கிறது. கடல் சூடேறினால் வெப்பச் செய்தி மாறுகிறது. மீன் தன் கணக்கைச் சரியாகவே போடுகிறது. நாம் கொடுக்கும் எண்களை வைத்துத்தான் போடுகிறது. உப்பங்கழியையும் கழிமுகத்தையும் காப்பது, அந்த எண்களைக் காப்பதேயாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரின் அட்சரேகையை நிலப்படத்தில் கண்டு, மேலே சொன்ன முறையில் நீண்ட பகலையும் குறுகிய பகலையும் கணக்கிடுங்கள். நாட்காட்டியிலுள்ள சூரிய உதயம், மறைவு நேரங்களோடு ஒப்பிடுங்கள்.

2. ஒரு பச்சை முட்டையைக் குழாய்நீரில் இடுங்கள், மூழ்கும். சிறிது சிறிதாக உப்பைக் கரைத்து, எவ்வளவு உப்பில் மிதக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கோழிமுட்டை மிதக்கக் கடல்நீரைவிட அதிக உப்பு வேண்டும். அப்படியானால், கடல்நீரிலேயே மிதக்கும் கொடுவாவின் முட்டைக்கு எண்ணெய்த் துளி எவ்வாறு உதவுகிறது?

3. மீன்சந்தைக்குச் செல்லும்போது ஜிலேபி கெண்டைகளைக் கவனியுங்கள். மீனைச் சுத்தம் செய்பவரிடம் கேட்டு, சினையுள்ள மீன்களில் மிகச் சிறியதன் நீளத்தைக் குறித்து வையுங்கள். அவை எந்த ஏரியிலிருந்து வந்தவை என்றும் விசாரியுங்கள். இரண்டு ஏரிகளின் மீன்களை ஒப்பிட்டால் அளவுகள் ஒன்றாக இருக்குமா? வேறுபட்டால், எந்த ஏரியில் நெரிசல் அதிகம் என்று உங்களால் ஊகிக்க முடியுமா?